டி ரந்தாவ் நோமேட் பாஸ்: பினாங்கில் ஓராண்டு வாழ்ந்த பின் எழுதும் மதிப்பீடு

மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகமான எம்டெக் 2022 அக்டோபர் முதல் விண்ணப்பம் பெற்று வழங்கிவரும், தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கான தங்கும் அனுமதியான டி ரந்தாவ் நோமேட் பாஸை வைத்துக்கொண்டு, நானும் என் மனைவியும் பினாங்கில் ஓராண்டு வாழ்ந்து 2025 செப்டம்பர் 30 அன்று திருச்சிக்குத் திரும்பினோம். நான் சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பொறியாளர். மனைவி திருச்சியின் இரண்டு சிறு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக்கொடுத்தவர். இந்தப் பாஸ் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒருமுறை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். மலாய் மொழியில் ரந்தாவ் என்பது பிழைப்புக்காகவோ அனுபவத்துக்காகவோ சென்று தங்கும் அயலிடத்தைக் குறிக்கும் சொல். அப்படிச் சொந்த ஊரைவிட்டுப் போவதை மெரந்தாவ் என்பார்கள். முன்னால் நிற்கும் டி, ஈ என்ற இரண்டு எழுத்துகளும் டிஜிட்டல் பொருளாதாரத்துக்கானவை. நிர்வாக ரீதியில் இது 'தொழில்முறை வருகை அனுமதி' என்ற வகையைச் சேர்ந்தது. மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை வழங்குகிறார்கள், மேலும் பன்னிரண்டு மாதத்துக்குப் புதுப்பிக்கலாம். மலேசியாவில் இல்லாத ஒரு நிறுவனத்துக்குக் கணினி வழியாக வேலை செய்துகொண்டே மலேசியாவில் குடியிருக்கலாம் என்பதுதான் இதன் சாரம். உள்ளூர் நிறுவனம் ஒன்றில் ஊழியராகச் சேர வேண்டுமானால் அந்த நிறுவனமே எடுத்துத்தரும் வேலை பெர்மிட் வேண்டும். அதற்கு இந்தப் பாஸ் மாற்றாகாது. நிரந்தர வசிப்புரிமைக்கு இட்டுச்செல்லும் படியாகவும் இதைக் கருதக் கூடாது.

இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமலேயே மலேசியாவுக்குச் சென்று முப்பது நாள் தங்க முடிகிறது. அப்படியிருக்க இவ்வளவு காகிதம் எதற்கு, மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடலாமே என்று கேட்பவர்கள்தான் அதிகம். திருச்சியில் நாங்கள் முதலில் அணுகிய ஒரு பயண முகவரும் அதையேதான் சொன்னார்: குடிநுழைவு அதிகாரி கேட்டால் சுற்றுலா என்று சொல்லுங்கள், முப்பது நாள் முடிந்ததும் தாய்லாந்து எல்லைவரை போய்த் திரும்புங்கள் என்றார். அந்த யோசனைக்குக் கட்டணமும் கேட்டார். விசா விலக்கில் நுழைபவருக்குக் கிடைப்பது சுற்றிப் பார்க்கவும் உறவினரைச் சந்திக்கவுமான வருகை அனுமதி. வேலை செய்ய அது அனுமதிப்பதில்லை. நிபந்தனையை மீறுவது 1963ஆம் ஆண்டுக் குடிநுழைவு விதிமுறைகளின் 39(பி) விதிப்படி குற்றம். மலேசிய வருமான வரிச் சட்டம், அங்கே வசிப்பவராகக் கருதப்படாத ஒருவர் ஓராண்டில் அறுபது நாளுக்கு மிகாமல் அங்கிருந்து செய்யும் வேலையின் சம்பளத்துக்கு விலக்கு அளிக்கிறது. இந்த விலக்கைக் கேள்விப்பட்டு, அறுபது நாள் வரை வேலை செய்யலாம் என்று தவறாகப் புரிந்துகொண்டவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன். வரித்துறை விட்டுக்கொடுப்பது குடிநுழைவுத் துறையைக் கட்டுப்படுத்தாது. பயமில்லாமல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டாரிடம் என்ன வேலை என்று உண்மையைச் சொல்லி வாழ முடிந்ததே இந்தப் பாஸின் முதற்பயன் என்பேன். அது சிறிய விஷயமல்ல.

தகுதிக்கு வருவோம். மென்பொருள், வடிவமைப்பு, இணையப் பாதுகாப்பு, தரவு, டிஜிட்டல் விளம்பரம் போன்ற தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலர் இருந்தால் போதும். நாங்கள் விண்ணப்பித்த 2024 ஜூலையில் அது ஏறத்தாழ இருபது லட்சம் ரூபாய். அதே ஆண்டில்தான் கணக்காளர், சட்ட ஆலோசகர், மக்கள் தொடர்பாளர் போன்ற பிற துறையினருக்கும் கதவைத் திறந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வைத்த வருமான வரம்பு 60,000 டாலர், அதாவது ஐம்பது லட்சம் ரூபாய்க்கு அருகில். வேலை ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, தன்விவரக் குறிப்பு, மலேசியாவில் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் முதன்மை விண்ணப்பதாரருக்கு 1,000 ரிங்கிட், சார்ந்து வருபவர் ஒவ்வொருவருக்கும் 500 ரிங்கிட்; எங்கள் இருவருக்கும் அன்றைய மதிப்பில் சுமார் 27,000 ரூபாய் ஆயிற்று. முகவருக்குத் தரவேண்டியது எதுவுமில்லை. படிவம் தெளிவாகவே இருக்கிறது, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரிந்த எவரும் தாமே நிரப்பிவிடலாம்.

எனக்கு ஏழு வாரத்தில் ஒப்புதல் வந்தது. இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், அதுவும் நியாயமான கேள்வி. நான் வாங்கியிருந்த காப்பீடு சுற்றுலாப் பயணிகளுக்கானது. ஓராண்டுக்குச் செல்லும் என்று சொல்லி விற்ற நிறுவனம், தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பாலிசி செயலிழக்கும் என்ற வரியை உள்ளே எங்கோ அச்சிட்டிருந்தது. பணத்தைத் திருப்பித்தர அந்த நிறுவனம் மறுத்துவிட்டது. வேறொரு காப்பீட்டை வாங்கி ஏற்றிய பிறகே கோப்பு நகர்ந்தது. விண்ணப்பிக்க இருப்பவர்கள் காப்பீட்டின் முதல் பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், எத்தனை நாள் தொடர்ச்சியாக வெளிநாட்டில் இருக்கலாம் என்ற நிபந்தனையைத் தேடிப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

அரசாங்கத்திடம் அனுமதி வாங்குவதைவிடச் சொந்த நிறுவனத்திடம் வாங்குவது கடினமாக இருந்தது. மனிதவள அலுவலர்கள் முதலில் கேட்டது என் பாதுகாப்பைப் பற்றியல்ல, நிறுவனத்தின் வரிப் பொறுப்பைப் பற்றி. ஊழியர் ஒருவர் நீண்ட காலம் இன்னொரு நாட்டில் அமர்ந்து வேலை செய்தால், அந்த நாட்டில் நிறுவனத்துக்கே ஒரு நிலையான தொழிலிடம் உண்டாகிவிட்டது என்று அங்குள்ள வரித்துறை வாதிடக்கூடும். அப்படி ஆனால் நிறுவனத்தின் லாபத்தில் ஒரு பங்குக்கு அங்கே வரி கேட்பார்கள். ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அதிகாரமோ வாடிக்கையாளரைப் பிடித்துத்தரும் பொறுப்போ இல்லாத சோதனைப் பொறியாளர் ஒருவரால் இந்த ஆபத்து குறைவு என்று எழுத்தில் விளக்கிய பிறகுதான் கடிதம் கிடைத்தது. இரண்டாவது தடை வாடிக்கையாளரின் ஒப்பந்தம். இந்தியாவுக்கு வெளியே தரவைத் திறக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருந்ததால் என்னை வேறொரு திட்டத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் மூன்று மாதம் பிடித்தது. பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதை முடித்துக்கொள்ளாமல் கட்டணம் கட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரி பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பாஸ் தருவது தங்கும் உரிமையை மட்டும்தான். சம்பளம் இந்திய வங்கிக் கணக்கில் இந்திய ரூபாயில் விழுகிறது, நிறுவனம் சம்பளத்திலேயே வரியை (டி.டி.எஸ்.) பிடிக்கிறது, ஆகவே மலேசியாவுக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று நானும் முதலில் நம்பினேன். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பணம் எங்கே வந்து சேர்கிறது என்று பார்ப்பதில்லை, வேலை எந்த மண்ணில் இருந்து செய்யப்பட்டது என்று பார்க்கிறது. மலேசியாவில் இருந்துகொண்டு செய்த வேலைக்கான சம்பளம், யார் எந்த நாட்டில் கொடுத்தாலும், மலேசியாவில் ஈட்டிய வருமானமாகவே கருதப்படும். தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு அங்கே தரப்பட்டுள்ள விலக்கு இதற்குப் பொருந்தாது. சமூக ஊடகக் காணொளிகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, நம்பிப் போகிறவர்கள் பின்னால் அபராதம் கட்டுவார்கள்.

ஓர் ஆண்டில் 182 நாள் மலேசியாவில் இருப்பவர் அங்கே வசிப்பவராகக் கருதப்பட்டு, படிப்படியாக உயரும் விகிதத்தில் வரி கட்டுவார். அதற்குக் குறைவாக இருப்பவருக்கு வருமானத்தின் மீது நேராக 30 விழுக்காடு. மலேசியாவின் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நமதோ ஏப்ரலில். 2024 செப்டம்பர் 30 இரவு நாங்கள் புறப்பட்டதால் அந்த ஆண்டில் மலேசியாவில் இருந்தது 92 நாள்தான். அதை மட்டும் பார்த்தால் 30 விழுக்காடு வந்திருக்கும். ஆனால் டிசம்பர் 31 வரை இருந்த குறைந்த காலம், அடுத்த ஆண்டில் தொடர்ச்சியாக 182 நாளோ அதற்கு மேலோ நீளும் தங்கலுடன் இணைந்திருந்தால் முதலாண்டிலும் வசிப்பவர் தகுதி கிடைக்கும் என்று சட்டம் சொல்கிறது. குடும்பத்தைப் பார்க்க இடையில் ஊருக்கு வந்துபோவதை மொத்தம் பதினான்கு நாள் வரை அது பொறுத்துக்கொள்கிறது. பொங்கலுக்கு வந்த நாங்கள் ஒன்பது நாளில் திரும்பியதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இந்தியப் பக்கத்துக் கணக்கு வேறு. 2024 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை நான் இந்தியாவில் இருந்தது 183 நாள், பொங்கல் விடுமுறை அதற்கும் மேல். 2025 செப்டம்பர் 30 அன்று திரும்பி 2026 மார்ச் 31 வரை இந்தியாவில் இருந்தால் அதுவும் 183 நாள். நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தாலே வசிப்பவர் என்பதால், முழுதாக ஓராண்டு கடல் கடந்து வாழ்ந்தும் ஒரு நிதியாண்டில்கூட நான் வெளிநாடு வாழ் இந்தியர் ஆகவில்லை. இரண்டு நாடுகளுமே என்னைத் தம் நாட்டில் வசிப்பவராக எண்ணின. 2012இல் கையெழுத்தான இந்திய மலேசிய இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அது வரியைத் தானாக நீக்கித் தருவதில்லை. மலேசியாவில் வரி எண் பெற்று, படிவம் தாக்கல் செய்து, வரியைக் கட்டி, அந்த ரசீதுடன் இந்தியாவில் படிவம் 67 தாக்கல் செய்து, கட்டிய வரிக்கு ஈடாகக் கழிவு கேட்க வேண்டும். அதற்குள் இந்திய நிறுவனம் மாதந்தோறும் முழு டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆக, முதலில் இரண்டு நாட்டுக்கும் சொந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு ஒரு நாட்டிடமிருந்து திரும்ப வருவதற்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்துக்கான தொகையைச் சேமிப்பில் வைத்திருக்காதவர் சிரமப்படுவார்.

அதே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில், 183 நாளைத் தாண்டாமல் தங்கி, வேறு நாட்டு நிறுவனத்திடம் சம்பளம் பெறுபவருக்கு, அந்தச் சம்பளச் செலவை மலேசியக் கிளை எதுவும் ஏற்காத நிலையில், மலேசிய வரி இல்லை என்ற பிரிவும் உண்டு. ஆகையால் ஐந்து மாதத்துக்குப் போகிறவருடைய நிலைமையும் பன்னிரண்டு மாதத்துக்குப் போகிறவருடைய நிலைமையும் முற்றிலும் வேறு. பன்னிரண்டு மாதம் கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் பன்னிரண்டு மாதம் கேட்பது சரியல்ல. புறப்படும் தேதியை விமானக் கட்டணத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் முன்னால் நாட்காட்டியை விரித்து முடிவுசெய்யுங்கள். நான் போனபின் ஆடிட்டரைப் பார்த்தேன், போகும் முன் பார்த்திருக்க வேண்டும்.

வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், குறை சொல்ல அதிகமில்லை. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், சென்னை அலுவலகத்தின் காலை பத்து மணிக் கூட்டம் எனக்குப் பன்னிரண்டரைக்கு. காலைப்பொழுது முழுவதும் சொந்தமாகக் கிடைத்தது, அதற்கு விலையாக இரவு பத்தரை வரை வேலை நீண்டது. ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் வாழையிலை, மளிகை, தமிழ் நாளேடு எல்லாம் கிடைக்கும். அங்குள்ள தமிழ் நாளேடுகளில் பாஸ்போர்ட்டைக் கடப்பிதழ் என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் புழங்காத இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போய் என் குறிப்புகளில் இன்றும் அப்படியே எழுதுகிறேன். வீட்டுக்கார அம்மையார் முதல் வாரமே என் மனைவியைத் தங்கச்சி என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றபோது நாங்கள் அந்நியர்களாக உணரவில்லை.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். சார்ந்து வருபவராகச் செல்லும் கணவரோ மனைவியோ அந்த அனுமதியில் வேலை செய்ய முடியாது. தாமும் தொலைவிலிருந்து வேலை செய்பவராக இருந்தால் தமக்கென்று தனி நோமேட் பாஸ் எடுக்க வேண்டும். என் மனைவி ஆண்டுக்கு ஆறு லட்சம் ரூபாய் ஈட்டியவர். கணக்காளர் என்பதால் அவருக்குரிய வரம்பு ஐம்பது லட்சம். திருச்சியில் நல்ல வருமானமுள்ள மூத்த ஆடிட்டர்களிலேயே எத்தனை பேர் அதைத் தொடுவார்கள்? ஒரே மேசையில், ஒரே இணைய இணைப்பில், இருவரும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கே வேலை செய்யும்போது, ஒருவருடைய தொழிலுக்கு இருபது லட்சமும் மற்றவருடைய தொழிலுக்கு ஐம்பது லட்சமும் வரம்பாக வைப்பதன் நியாயம் எனக்கு விளங்கவில்லை. மலேசியாவில் செலவழிக்கும் வாடகையும் மளிகையும் தொழிலைப் பொறுத்து மாறுவதில்லை. குடும்பமாக வருபவர்களின் மொத்த வருமானத்தைப் பார்க்கலாம், அல்லது முதன்மை விண்ணப்பதாரர் தகுதி பெற்றுவிட்டால் துணைவர் செய்யும் தொலைப்பணிக்கு ஓர் இணைப்பு அனுமதி தரலாம்.

சட்டத்துக்கு உட்பட்டு வாழ்வோம் என்று முடிவெடுத்து வந்தவர்கள் என்பதால், மனைவி இரண்டு நிறுவனங்களின் கணக்கையும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டே விமானம் ஏறினார். ஒன்பது ஆண்டு உழைத்துப் பெற்ற நம்பிக்கை அது. மாதக்கடைசியில் நான் மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்க, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் தேதிகளை இன்னும் மறக்காமல் அவர் ஜன்னலோரம் சொல்லிக்கொண்டிருந்த மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. பாஸின் செலவைக் கணக்கிடும்போது 1,500 ரிங்கிட்டோடு அவர் இழந்த ஆறு லட்சத்தையும் நான் சேர்க்கிறேன்.

மாற்று வழிகளையும் பார்த்தோம். தாய்லாந்து 2024 ஜூலையில் தொடங்கிய, தொலைவிலிருந்து வேலை செய்வோருக்கும் பொருந்தும் டிடிவி விசா ஐந்தாண்டுக்குச் செல்லும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள் தங்கலாம்; மாத வருமான வரம்பு வைக்காமல் 5 லட்சம் பாட் சேமிப்பைக் காட்டச் சொல்கிறார்கள். மனைவியைப் போன்றவர்களுக்கு இது இடம் கொடுக்கிறது. ஆனால் ஓராண்டில் 180 நாளை எட்டினால் அங்கும் வரி வசிப்பிடம் உண்டாகும். 2024 முதல் வெளிநாட்டு வருமானத்தைத் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால் வரி கேட்கிறார்கள். துபாயின் தொலைப்பணி விசாவுக்கு மாதம் 3,500 டாலர் வருமானம் வேண்டும். அங்கே தனிநபர் வருமான வரி இல்லை என்றாலும், இந்தியாவில் 182 நாளைக் கடந்தவருக்கு அந்தச் சலுகையால் பயனில்லை, நம் வரித்துறை முழுச் சம்பளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

தனியாகச் செல்லும் மென்பொருள் ஊழியருக்கும், தாமே ஒப்பந்தம் போட்டுப் பணிபுரியும் வடிவமைப்பாளருக்கும், துணைவர் தற்சமயம் வேலையில் இல்லாத குடும்பத்துக்கும் டி ரந்தாவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஐந்து மாதம் கேளுங்கள், பிடித்திருந்தால் பிறகு நீட்டித்துக்கொள்ளுங்கள். இருவரும் வேலை செய்யும் வீட்டில் ஒருவர் தொழில்நுட்பத் துறைக்கு வெளியே இருந்தால், வரம்பு மாறும்வரை பொறுத்திருங்கள். இன்னும் பன்னிரண்டு மாதத்துக்குப் புதுப்பிக்க எங்களுக்கு வாய்ப்பிருந்தும் கேட்கவில்லை. திரும்பிய மறுவாரமே பழைய இரண்டு நிறுவனங்களில் ஒன்று மனைவியை மீண்டும் அழைத்துக்கொண்டது, மற்றொன்று அழைக்கவில்லை. மலேசியா அந்த 60,000 டாலர் வரம்பைக் குறைக்கும் நாளில் முதல் விண்ணப்பம் அவருடைய பெயரில் போகும். அப்போது சார்ந்து செல்பவனாக நான் போகவும் சம்மதம்.